சினைப்பசுவின் கடைசி இரண்டு மாதங்களும் ஈற்று வேளையும்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒருபுறமும் மேகமலை, வருஷநாட்டு மலைகள் மற்றொரு புறமும் அரண்போல் நிற்க, அவற்றினிடையே கூடலூர் முதல் தேனி வரை நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று அணை கட்டி முடிந்து அதன் ஜலம் மலையைத் துளைத்து இப்பக்கம் திருப்பப்பட்டது முதல், இப்பூமியில் இருபோக நெல்லும், வாழையும், திராட்சையும் செழித்து வருகின்றன. நெல் உள்ள இடத்தில் வைக்கோல் உண்டு. வைக்கோல் உள்ள இடத்தில் மாடு உண்டு. ஆகையால் இப்பக்கத்துக் குடியானவர்களில் பலருக்குப் பயிர் ஒரு கை என்றால் பசு மற்றொரு கையாகும். பயிர் பொய்த்த பருவத்திலும் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பத்து நாளைக்கொரு முறையோ மாதத்திற்கொரு முறையோ கிடைக்கும் பணமே அடுப்பை எரிய வைக்கிறது.

இத்தகைய குடும்பத்தில் ஈற்று வேளையில் பசு மாண்டுபோனால், நஷ்டம் அப்பசுவின் விலையோடு நிற்பதில்லை. அவ்வாண்டின் பால் போயிற்று, கன்று போயிற்று, எரு குறைந்தது, மறு பசு வாங்கக் கடன் ஏறிற்று. இந்நஷ்டத்திற்குக் காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் தீராத வியாதி எதுவும் இராது. கடைசி இரண்டு மாதங்களில் தீவனத்தில் அசிரத்தை, ஈனும்போது வீண் அவசரம், தாமதிக்கக் கூடாத இடத்தில் தாமதம், ஈன்ற பின் கன்றுக்குச் சீம்பாலை மறுத்தல் என்னும் நான்கில் ஒன்றே காரணமாக இருக்கும்.

ஈனும் வேலை பசுவினுடையது. அதற்கு முன்னுள்ள அறுபது நாட்களும், அதற்குப் பின்னுள்ள முதல் சில மணி நேரமும் உழவருடையவை. இடைப்பட்ட வேளையில் அவர் செய்யத்தக்கது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமையுடன் காத்திருப்பதும், அக்காத்திருத்தல் எப்போது முடியவேண்டும் என்பதை அறிந்திருப்பதுமே ஆகும். இவ்வியாசத்தின் சாரம் இதுவே.

நாட்கணக்கு

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள்; எருமைக்கு ஏறக்குறைய 310 நாட்கள். காளை சேர்ந்த தேதியையோ சினை ஊசி போட்ட தேதியையோ தொழுவத்துச் சுவரில் கரியினாலாவது எழுதி வைத்தல் முதற் கடமை. ஜனவரி 1-ந் தேதி சினையான பசு அக்டோபர் 8-ந் தேதி வாக்கில் ஈனும். அதே நாளில் சினையான எருமை நவம்பர் 7-ந் தேதி வாக்கில் ஈனும். பத்து நாள் முன்பின் ஆவது இயற்கை. இக்கணக்கு இல்லாத வீட்டில், பசு எப்போது பாலை நிறுத்தவேண்டும், எப்போது தீவனத்தைக் கூட்டவேண்டும், எந்த இரவில் விழித்திருக்கவேண்டும் என்பன ஒன்றும் தெரியா.

பாலை வற்றச் செய்தல்

ஈனுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே கறவையை நிறுத்திவிட வேண்டும். மேற்சொன்ன பசுவுக்கு ஆகஸ்டு 8-ந் தேதி வாக்கில் என்பது கணக்கு. "இன்னும் ஒரு படி கறக்கிறதே, ஏன் விடவேண்டும்?" என்று சிலர் கேட்பதுண்டு. வயிற்றிலுள்ள கன்று பிறக்கும்போது கொண்டிருக்கும் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கடைசி இரண்டு மாதங்களில்தான் சேருகிறது. அதே காலத்தில்தான் மடியின் பால் சுரக்கும் பாகங்கள் பழையன கழிந்து புதியனவாக உண்டாகின்றன. சீம்பாலும் கடைசி வாரங்களில் மடியில் சேருகிறது. ஆதலால் இக்காலத்தில் கறக்கும் ஒரு படி, அடுத்த ஈற்றின் பாலிலிருந்து முன்கூட்டி எடுத்த கடனே ஆகும்.

நிறுத்தும் வழி எளியது. சில நாட்களுக்கு அடர்தீவனத்தைக் குறைத்து, ஒரு நாள் மடியை முற்றக் கறந்துவிட்டு, பின்னர் கறவாமல் விட்டுவிட வேண்டும். நாள் விட்டு நாள் பாதியாகக் கறந்துகொண்டே போவது மடிநோய்க்கு வழி திறப்பதாகும். முந்தைய கறவையில் மடிநோய் கண்ட பசுவுக்குக் கடைசிக் கறவையின்போது காம்பில் செலுத்தும் மருந்தைக் கால்நடை வைத்தியரைக் கேட்டு உபயோகித்தல் நலம்.

தீவனம்

ஏழாம் மாதம் முதல் பசுவுக்கு வழக்கமான தீவனத்தோடு நாள் ஒன்றுக்கு 1 முதல் 1½ கிலோ வரை அடர்தீவனம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இதை ஒரே நாளில் ஏற்றாமல் வாரத்திற்குச் சிறிதாகக் கூட்டிவருதல் முறை. வைக்கோல் மட்டும் தின்று வளரும் பசுவின் வயிறு நிறையும். கன்றின் உடல் நிறையாது. வைக்கோலோடு கம்பு நேப்பியர் புல்லோ, சோளத்தட்டையோ பசுமையாகக் கலந்து கொடுத்தல் அவசியம். வாழைத்தோட்டத்துத் தண்டும் இலையும் பசியை ஆற்றுமேயன்றிப் புரதச் சத்து மிகத் தாரா. திராட்சைக் கொடி கவாத்து செய்தபோது கிடைக்கும் தழையை, மருந்து தெளித்த நாள் தெரியாமல் சினைப்பசுவுக்குப் போடுவது அபாயம்.

அளவுக்கு மீறிக் கொழுக்கவிடுவதும் தீமையே. கொழுத்த பசுவுக்குப் பிறப்புவழி குறுகும். ஈன்றபின் பசியும் மந்திக்கும். விலா எலும்புகளைக் கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. இதுவே தகுந்த தேக நிலை.

பால் ஜுரமும் சுண்ணாம்புச் சத்தும்

மிகுந்த பால் கறக்கும் ஜெர்ஸி, பிரீசியன் கலப்பினப் பசுக்கள் பள்ளத்தாக்கில் பெருகியபின், பால் ஜுரம் என்னும் நோயை அறியாத உழவர் இலர். பெரும்பாலும் மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட நல்ல கறவைப் பசுக்களை, ஈன்ற மூன்று நாட்களுக்குள் இது பற்றுகிறது. பசு தள்ளாடிப் படுத்துவிடும்; தலையை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொள்ளும்; காது சில்லிட்டிருக்கும். ஜுரம் என்று பெயர் இருந்தும் உடல் காய்வதில்லை, குளிர்கிறது.

இந்நோயின் சரித்திரம் ஆராய்ச்சியின் பயனை நன்கு விளக்கும். முற்காலத்தில் இது கண்ட பசுக்களில் பெரும்பாலானவை மாண்டன. 1897-ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்து ஷ்மிட் என்னும் கால்நடை வைத்தியர், மடியில் விஷம் உண்டாவதாக எண்ணி, காம்புகளின் வழியே மருந்து நீரைச் செலுத்தினார். பசுக்கள் பிழைத்தன. சில ஆண்டுகளில், மருந்து இல்லாமல் வெறும் காற்றை மடியில் நிரப்பினாலும் அவை பிழைப்பது தெரியவந்தது. எண்ணம் தவறு; சிகிச்சை பலித்தது. அதன் உண்மைக் காரணத்தை 1925-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் டிரையர், கிரெய்க் என்னும் இருவர் வெளிப்படுத்தினர். ஈன்றவுடன் மடியில் திடீரெனப் பால் சுரக்கும்போது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து பாலுக்கு இறங்கிவிடுகிறது. மடியில் காற்று நிரம்பியபோது பால் சுரப்பது தடைப்பட்டதால் அச்சத்து இரத்தத்தில் தங்கிற்று. இது விளங்கியபின், கால்சியம் போரோகுளுகோனேட்டு என்னும் மருந்தை இரத்தக் குழாயில் மெதுவாகச் செலுத்தும் இக்காலத்துச் சிகிச்சை ஏற்பட்டது. படுத்துவிட்ட பசு ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பர்.

இதிலிருந்து உழவர் அறியவேண்டியது ஒன்றுண்டு. பசுவின் எலும்புகளில் சுண்ணாம்புச் சத்து ஏராளமாக இருக்கிறது. தேவைப்படும்போது அதை எடுத்து இரத்தத்தில் சேர்க்கும் வேலையை உடலே செய்யும். ஆனால் ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் வாயின் வழியே அச்சத்து மிகுதியாக வந்துகொண்டிருந்தால், உடல் அவ்வேலையை மறந்து சோம்பிக் கிடக்கும். ஈன்ற நாளில் திடீரென்று கேட்டால் கொடுக்கமாட்டாது. ஆகையால் பால் ஜுரம் வரும் என்று பயந்து கடைசி இரண்டு மூன்று வாரங்களில் கால்சியம் டானிக்கைப் புட்டி புட்டியாகப் புகட்டுவது, தடுக்க நினைத்த நோயைத் தாமே அழைப்பதாகும். குதிரைமசால், வேலிமசால், அகத்தி முதலிய சுண்ணாம்புச் சத்து மிகுந்த தழைகளையும் அவ்வாரங்களில் குறைத்து, புல்லையும் தட்டையையும் கூட்டுக. டானிக்கு ஈன்ற நாள் முதல் வைத்தியர் சொற்படி கொடுக்கத்தக்கது. முன் ஈற்றில் இந்நோய் கண்ட பசுவாயின், ஈன்ற முதல் இரண்டு நாட்கள் மடியை ஒட்டக் கறவாமல், கன்றுக்கு வேண்டியதை மட்டும் கறந்து வருதல் நல்லது. படுத்துவிட்ட பசுவுக்கு வாயில் கஞ்சியோ மருந்தோ ஊற்றலாகாது. விழுங்கும் சக்தி அற்ற நிலையில் அது நுரையீரலுக்குப் போய் உயிரைக் கொண்டுபோகும். வைத்தியர் வரும்வரை வைக்கோல் மூட்டைகளை இருபுறமும் அண்டைகொடுத்து, பசுவை நெஞ்சின்மேல் அமர்ந்த நிலையில் நிறுத்தி வைக்க வேண்டும்.

ஈனும் இடமும், மாலைத் தீவனமும்

ஈனுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே பசுவை மற்ற மாடுகளிலிருந்து பிரித்து, காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில், உலர்ந்த வைக்கோலைப் பரப்பிக் கட்டவேண்டும். தரை வழுக்கக் கூடாது. பின்பக்கம் பள்ளமான தரையில் கட்டுவதால், கடைமாதத்தில் பிறப்புவழியின் சதை வெளித்தள்ளும் தொல்லை எருமைகளுக்கு மிகும். அவற்றுக்குப் பின்பக்கம் சற்று உயர்ந்த தரையே ஏற்றது. அவ்வாறு தள்ளியதைக் கண்டால், சுத்தமான ஈரத்துணியால் மூடி, நாய் காக்கைகள் அண்டாமல் காத்து, வைத்தியரை அழைக்க வேண்டும்.

நள்ளிரவில் ஈனும் பசுவுக்குக் கஷ்டம் நேர்ந்தால், மலையடி ஊர்களில் உதவி கிடைப்பது அரிது. இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. கனடா தேசத்தில் மானிட்டோபாவைச் சேர்ந்த கோன்பால் என்னும் மாடு வளர்ப்பவர், தீவனத்தைக் காலையில் போடாமல் பொழுது சாய்ந்தபின் போட்டால் பெரும்பாலான பசுக்கள் பகலில் ஈனுவதைக் கண்டார். பிற்பாடு அமெரிக்காவில் அயோவாவில் 15 பண்ணைகளைச் சேர்ந்த 1,331 பசுக்களுக்கு அந்தி நேரத்தில் ஒரே வேளையாகத் தீவனம் போட்டுப் பார்த்ததில், 85 சதவீதம் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையே ஈன்றன. கட்டுத்தறியில் வளரும் பசுவுக்கு ஈற்றுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பிருந்து, நாளின் தீவனத்தில் பெரும்பகுதியை அந்திக்குப்பின் போட்டுவருவதில் செலவு ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும் நாள் முழுதும் இருக்கவேண்டும். எல்லாப் பசுவும் இதற்குக் கட்டுப்படும் என்பதற்கில்லை; ஆயினும் சிலவேனும் கட்டுப்பட்டால் அத்தனை இரவு உறக்கமும், அத்தனை பயமும் மிச்சம்.

நாளைக் குறிப்பது யார்?

ஈனும் நாளைத் தாய் குறிக்கிறதா, கன்று குறிக்கிறதா என்பது நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. 1960-களில் நியூஸிலாந்து தேசத்து ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ் என்னும் பிரசவ வைத்தியர் செம்மறியாடுகளில் ஆராய்ச்சி செய்து, கருப்பையிலுள்ள குட்டியின் சுரப்பிகள் முதிர்ந்து கார்ட்டிசால் என்னும் ரசத்தை மிகுதியாகச் சுரப்பதே ஈற்றைத் தொடங்கி வைக்கிறது என்று காட்டினார். அத்தகைய மருந்து செலுத்தப்பட்டு நாள் நிரம்பாமல் பிறந்த குட்டிகள், எதிர்பார்த்ததற்கு மாறாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததையும் அவர் கவனித்தார். அவற்றின் நுரையீரல் முன்னரே முதிர்ந்திருந்தது. இதைப் பின்பற்றி, அவரும் ஹோவி என்னும் குழந்தை வைத்தியரும் குறைப்பிரசவம் ஆகக்கூடிய தாய்மாருக்கு அவ்வகை மருந்தைக் கொடுத்துச் செய்த பரிசோதனை 1972-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இன்று உலகெங்கும் குறைமாதக் குழந்தைகள் பலவற்றின் உயிரைக் காப்பது இச்சிகிச்சையே. ஆட்டுத் தொழுவத்தில் கண்டது மனிதர் பிரசவ அறைக்கு உதவிற்று.

கன்று முதிர்ந்தபின் தானே நாளைக் குறிக்கிறது என்றால், மனிதர் அவசரப்படுவதில் அர்த்தமில்லை என்பது வெளிப்படை.

ஈற்றின் அறிகுறிகளும் மூன்று நிலைகளும்

நாள் நெருங்கும்போது வாலடியின் இருபுறமும் சதை தளர்ந்து குழி விழும். மடி இறங்கிப் பெருத்துக் காம்புகள் விறைக்கும். பின்வழி தடித்துத் தொங்கும். கெட்டியான கோழை கயிறுபோல் தொங்கும். இவை கண்டபின் பசுவைக் காட்டுக்கு ஓட்டலாகாது.

முதல் நிலையில் கருப்பையின் வாய் திறக்கிறது. பசு நிலைகொள்ளாமல் எழுவதும் படுப்பதுமாக இருக்கும். வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். இது 2 முதல் 6 மணி நேரம் நீடிக்கலாம். தலையீற்றுக் கிடாரிக்கு இன்னும் கூடலாம். இந்நிலையில் கூட்டம் கூடுவதும், கையை உள்ளே விடுவதும் கூடாது. அமைதியும் இருட்டும் பசுவுக்கு வேண்டும்.

இரண்டாம் நிலை பன்னீர்க்குடம் வெளித் தெரிவதில் தொடங்கிக் கன்று பிறப்பதில் முடிகிறது. குடம் தெரிந்தவுடன் கடிகாரத்தில் மணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இயற்கையான ஈற்றில் இரண்டு முன்கால்கள் குளம்பின் அடிப்பக்கம் கீழ் நோக்கியபடி வர, அவற்றின்மேல் மூக்கு சாய்ந்து வரும். 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெரிய கறவைப் பசுக்களில் குடம் தெரிந்து 70 நிமிஷத்திற்குள், அல்லது கால்கள் தெரிந்து 65 நிமிஷத்திற்குள் கன்று பிறவாவிடில் உதவி செய்யத் தொடங்கலாம் என்று அளவு வகுக்கப்பட்டது. அதற்குமுன் இழுப்பது, வாய் முழுதும் திறவாத கருப்பையைக் கிழிப்பதாகும். அதற்குப்பின் சும்மா இருப்பது கன்றைக் கொல்வதாகும். ஆகவே குடம் தெரிந்து ஒரு மணி நேரம் கழிந்தும் கன்று வெளிப்படும் நிலையில் இல்லையானால், வைத்தியருக்கு ஆள் போகவேண்டும்.

பின்வரும் குறிகள் கண்டால் அந்த ஒரு மணி நேரமும் காத்திருத்தல் ஆகாது:

1. ஒரே கால் மட்டும் வருதல். அல்லது கால்கள் வந்து தலை தெரியாதிருத்தல். அல்லது தலை வந்து கால்கள் வராதிருத்தல்.

2. குளம்பின் அடிப்பக்கம் மேல் நோக்கியிருத்தல். இது பெரும்பாலும் பின்கால்கள் முன்னே வருவதைக் குறிக்கும். அவ்வாறு பிறக்கையில் தொப்புள்கொடி நசுங்கிக் கன்று மூச்சடைத்துப் போகலாம்.

3. வால் மட்டும் தட்டுப்படுதல்.

4. பசு பல மணி நேரம் நிலைகொள்ளாமல் இருந்தும் குடமே தெரியாதிருத்தல். கருப்பை முறுக்கிக்கொண்டபோது இவ்வாறு ஆகும். எருமைகளில் இது அதிகம். பசுவைப் படுக்க வைத்து முறைப்படி உருட்டி வைத்தியர் முறுக்கை நீக்குவார். ஒரு நாள் கடந்தால் தாயையும் இழக்க நேரிடும்.

5. நாற்றமுள்ள நீரோ மிகுதியான இரத்தமோ வடிதல்.

தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்து நடமாடும் கால்நடை வைத்திய வண்டியின் உதவியைக் கோரலாம். தேனியில் 2020-ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டிருக்கிறது. அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் எண்ணையும், சினைத் தேதியை எழுதிய சுவரிலேயே எழுதி வைத்தல் நன்று.

இழுத்தலும், அவசர ஊசியும்

கன்று நேராக வந்து சற்றுத் தடைப்படும்போது உதவ நேர்ந்தால், கையைச் சோப்பிட்டுக் கழுவி, சுத்தமான கயிற்றைக் கணுவுக்கு மேலே சுருக்கிட்டு, பசு முக்கும்போது மட்டும் இழுக்கவேண்டும். அது ஓய்ந்தால் கையும் ஓயவேண்டும். இரண்டு ஆட்களுக்கு மேல் கூடாது. தலை வெளிவந்தபின் நேரே பின்னால் இழாமல், பசுவின் பின்னங்கால் பக்கமாகக் கீழ்நோக்கி இழுப்பது முறை. கயிற்றை மரத்தில் கட்டுவதும், நான்கைந்து பேர் சேர்ந்து இழுப்பதும், பசுவைப் பிறகு எழுந்திருக்க இயலாமல் நிரந்தரமாகப் படுக்க வைத்துவிடும்.

ஈற்றை விரைவாக்க ஆக்ஸிடோசின் ஊசியைக் கடையில் வாங்கித் தாமே போடும் வழக்கம் மிகக் கொடியது. மூளையடிச் சுரப்பியின் ரசத்துக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் சக்தி உண்டென்பதை 1906-ஆம் ஆண்டில் ஹென்றி டேல் கண்டறிந்தார். 1953-ஆம் ஆண்டில் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய டு விக்னோ என்பவருக்கு 1955-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. தகுந்த வேளையில் வைத்தியர் கையில் இது அருமருந்து. ஆனால் கருப்பையின் வாய் திறவாதபோதும், கன்று குறுக்கே கிடக்கும்போதும் இதைப் போட்டால், பூட்டிய கதவின்மேல் கன்றை மோதுவதுபோல் ஆகிக் கருப்பை கிழியும். தடை எதுவென்று கையால் பார்த்தறிந்தவரே ஊசியைப் பற்றிப் பேசத்தக்கவர்.

நஞ்சு

மூன்றாம் நிலையில் நஞ்சு விழுகிறது. 12 மணி நேரத்திற்குள் அது தானே விழுந்துவிட வேண்டும். விழாவிட்டால் அதில் கல்லையோ செருப்பையோ கட்டித் தொங்கவிடுவதும், கையால் பற்றி இழுப்பதும் கருப்பையைப் புண்ணாக்கி, அடுத்த சினையைக் கெடுக்கும். வைத்தியரிடம் காட்டுவதே வழி. பசுவுக்குக் காய்ச்சலோ நாற்றமோ கண்டால் அன்றே காட்டவேண்டும்.

விழுந்த நஞ்சை வைக்கோலிலோ பழந்துணியிலோ பொதிந்து ஆலமரத்தில் தொங்கவிடுவது பல ஊர்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. ஆனால் ஐந்தாம் மாதத்துக்குப்பின் சினை கலைக்கும் கன்றுவீச்சு நோயின் கிருமி, நஞ்சிலும் அதனோடு வரும் நீரிலும் கோடிக்கணக்காக இருக்கும். இக்கிருமியை 1897-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் பாங் என்பவர் கண்டறிந்தார். காக்கையும் நாயும் இழுத்துச் சிதறிய நஞ்சு, ஊர்ப் பசுக்கள் அனைத்துக்கும் நோயைப் பங்கிடும். மனிதருக்கும் இது தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் உண்டாக்குகிறது. ஆகையால் நஞ்சை வெறுங்கையால் தொடாமல், அதே ஆலமரத்தின் அடியில் மூன்றடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கலாம். மரத்துக்கும் மரியாதை, ஊருக்கும் நன்மை. கர்ப்பிணிப் பெண்கள் இவ்வேலையில் இறங்கலாகாது. நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி போடும் திட்டத்தை மத்திய அரசாங்கம் 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிற்று. அவ்வூசியைத் தவறவிடலாகாது.

கன்றும் சீம்பாலும்

கன்று விழுந்தவுடன் மூக்கிலும் வாயிலுமுள்ள கோழையைத் துடைத்து, மார்பை வைக்கோலால் தேய்த்து, தாய் நக்கும்படி முன்னே விடவேண்டும். தொப்புள்கொடியை இரண்டு மூன்று அங்குலம் விட்டு, டிங்க்சர் அயோடினில் தோய்க்க வேண்டும். சாணமும் சாம்பலும் அதில் அப்பலாகாது.

அடுத்தது சீம்பால். மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலிருக்கும்போதே நோயை எதிர்க்கும் சக்தியில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அவ்வசதி இல்லை. பசுவின் நஞ்சு அச்சக்தியைக் கடத்துவதில்லை. அது முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. கன்றின் குடல் அதை அப்படியே உறிஞ்சும் சக்தி முதற் சில மணி நேரத்தில் மிகுந்திருந்து, நாழிகைக்கு நாழிகை குறைந்து, ஒரு நாளில் முற்றும் அடைபட்டுவிடுகிறது. 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், லிட்டில் என்னும் இருவர், சில கன்றுகளுக்குச் சீம்பால் கொடுத்தும் சிலவற்றுக்குக் கொடாமலும் வளர்த்துப் பார்த்தனர். கொடாதவற்றில் பெரும்பாலானவை சில நாட்களில் மாண்டன, பெற்றவை பிழைத்தன.

இத்தனை இருந்தும், நஞ்சு விழும்வரை கன்றை ஊட்டவிடாமல் கட்டிவைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் நீங்கவில்லை. நஞ்சு விழப் பன்னிரண்டு மணி நேரம் ஆனால், கன்றின் குடலில் கதவு பாதிக்குமேல் அடைபட்டிருக்கும். உண்மையில் கன்று ஊட்டுவதே தாயின் உடலில் ஆக்ஸிடோசினை ஊறச் செய்து கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. கடையில் வாங்கும் ஊசியைத் தேடுவோர், கன்றின் வாயில் அது இலவசமாக இருப்பதை அறியவேண்டும்.

முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் சேரவேண்டும். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்திற்குள். 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு 2½ லிட்டர் என்பது கணக்கு. எழுந்து ஊட்ட இயலாத கன்றுக்குக் கறந்து புகட்டலாம். சீம்பாலைக் கிளறி அண்டை வீட்டாருக்குப் பங்கிடுவது அன்பின் அடையாளம். அதைத் தடுப்பார் இல்லை. கன்றின் பங்கு போக மிஞ்சியதைப் பங்கிடுக என்பதே வேண்டுகோள்.

மலைமாடுகளைப் பற்றி

மலைமாடு என்றும் புளிக்குளம் என்றும் வழங்கும் நாட்டு மாடுகள் சிறிய கன்றை ஈனுபவை. பால் ஜுரமும் ஈற்றுத் தடையும் அவற்றுக்கு அரிது. மந்தைக்காரர்கள் ஈனும் பசுவைத் தொந்தரவு செய்யாமல் தூர நின்று காப்பது, கலப்பினப் பசு வளர்ப்போரும் கற்கவேண்டிய நல்ல பழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-ஆம் ஆண்டில் அமைந்து, 2022-ஆம் ஆண்டில் காப்பகங்களில் மேய்ச்சலை உயர்நீதிமன்றம் தடுத்தபின், இம்மந்தைகளுக்கு மேய்ச்சல் நெருக்கடியாகிவிட்டது. பழைய பசுமை கிட்டாத இப்பசுக்களுக்கும், கிடையில் இருக்கும் கடைசி இரண்டு மாதங்களிலேனும் தவிடும் பிண்ணாக்கும் சிறிது கொடுத்துவந்தால் கன்று வலுப்படும்.

முடிவு

பெரும்பாலான வீடுகளில் சினைப்பசுவுக்குத் தண்ணீர் காட்டுவதும், அதன் நடையில் மாறுதலை முதலில் காண்பதும் வீட்டுப் பெண்டிரே. ஆகவே இங்குக் கூறியவற்றை ஆடவர் படித்து வைத்துக்கொள்வதோடு நில்லாமல், அவர்களுக்கும் வாசித்துக் காட்டுதல் வேண்டும். சினைத் தேதியை எழுதுவதற்கு ஒரு துண்டுக் கரி, மணி பார்க்க ஒரு கடிகாரம், தொப்புளுக்கு ஒரு சிறு புட்டி அயோடின், நஞ்சுக்கு ஒரு குழி, கன்றுக்கு அதன் தாயின் பால். இவற்றில் விலை மிகுந்தது ஒன்றுமில்லை. அறுபது நாள் ஓய்வும், ஒரு மணி நேரப் பொறுமையும், காலந்தவறாத உதவியும் இவற்றோடு சேருமாயின், இப்பள்ளத்தாக்கில் ஈற்று வேளையில் வீணே இழக்கப்படும் பசுக்களும் கன்றுகளும் பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை.